மாமன் மடிக்கு ஒரு மாத்திரை

கோழிகளின் பதற்றத்தைத் தணிப்பது என் தொழில். நாமக்கல்லில் இது மரியாதையான வேலை, சிரிக்க வேண்டாம். திருவிழாவில் வேட்டுப் போட்டால் கோழி மிரளும். சித்திரை வெயில் ஏறினால் வாயைத் திறந்து மூச்சு வாங்கும். தினமும் வருகிற ஆள் ஒருநாள் புது நிறத்தில் சட்டை போட்டு வந்தால்கூடக் கொட்டகையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஒரு சலசலப்பு ஓடும். மிரண்ட கோழி முட்டையைக் குறைத்துவிடும். அதற்குக் குடிதண்ணீரில் கலந்துவிட ஒரு பவுடர் உண்டு. அதை மோட்டார் சைக்கிளில் வைத்துக்கொண்டு பண்ணை பண்ணையாக ஏறி இறங்கியே என் தலை நரைத்தது. “ஏனுங்க, நம்ம கோழிக்கு ரெண்டு நாளா ஒரே ஸ்ட்ரெஸ்ஸுங்க” என்பார்கள் பண்ணைவேலை செய்யும் பெண்கள். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல் முதலில் கோழிக்குத்தான் வந்தது. மனிதருக்கு வந்தது பிறகு.

இந்தத் தொழிலோடு சேர்ந்து சம்பளமில்லாத இன்னொரு வேலையும் எனக்கு வாய்த்தது. ரயிலில் ஏறி நாமக்கல் என்று சொன்னால் போதும், எதிர் இருக்கைக்காரர் ஆரம்பித்துவிடுவார்: “கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுவீங்களாமே?” கொட்டகை நிறையக் கோழி இருக்கிறது, ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போட எவ்வளவு ஆள் வேண்டும், அப்படி ஆள் கிடைத்தால் முதலில் எங்கள் தோட்டத்தில் களையெடுக்க அனுப்புங்கள் என்று நான் வாதாடுவேன். அவர் அடங்கியதும் பக்கத்து இருக்கைக்காரர் முட்டையில் கொலஸ்ட்ரால் என்பார். ஈரோடு தாண்டும்வரை அந்தச் சண்டை. ஹார்மோன், கொலஸ்ட்ரால் ஆகிய இரண்டையும் எதிர்த்து வாழ்நாள் முழுவதும் வழக்காடிய மனிதன் நான் என்பதை இங்கே குறித்து வைத்துக்கொள்கிறேன்.

இப்படிப்பட்டவனைப் பவுடர் கம்பெனி மேலாளராக்கிப் பெங்களூருக்கு அனுப்பியது. பெரிய வாடிக்கையாளர்களைக் குளிரவைக்கும் விருந்துகளில் மூக்கால் இழுக்கும் ஒரு பவுடர் எனக்கு அறிமுகமானது. கோகைன். முதலில் விருந்துக்கு மட்டும், பிறகு திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு முன்னால், பிறகு கூட்டமே இல்லாத நாட்களில். “பவுடர் வித்த மனுசன் பவுடர்லயே உழுந்துட்டாரு” என்று பின்னாளில் என் தங்கையின் கணவர் சொன்னார். நான் சொல்லியிருக்க வேண்டிய நகைச்சுவை அது. தவறவிட்டேன்.

ஊருக்குத் திரும்பிய விதமும் கௌரவமாக இல்லை. பேருந்தில் வருகிற எல்லாரும் போலீஸ் மாதிரி தெரிந்ததால், முட்டை இறக்கிவிட்டுத் திரும்பும் லாரி ஒன்றில் ஏறிக்கொண்டேன். தொப்பூர் கணவாயில் இறங்கும்போது டிரைவரின் தோளைத் தட்டி, பின்னால் வரும் லாரி ஓசூரிலிருந்தே நம்மைத் தொடர்கிறது என்று எச்சரித்தேன். அவர் கண்ணாடியைப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: “ரோடு ஒண்ணுதானுங்க சார். அவன் வேற எதுல போவான்?”

சேலத்தில் சிகிச்சை எடுத்தேன். கல்யாணம் என்கிற பதற்றத்தை நான் வாங்கிக்கொள்ளவே இல்லையாதலால், தங்கை வீட்டில் தங்கினேன். தங்கையும் மாப்பிள்ளையும் சின்னதாக ஒரு முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறார்கள். மாதங்கள் போயின. உடம்பு தேறியது. ஆனால் ஆசை போகவில்லை. அது வரும் விதம்தான் எனக்கு விநோதமாக இருந்தது. நான் எதிர்பார்த்ததுபோல அது சோகத்தில் வரவில்லை. பதற்றத்தின் பின் இருக்கையில் உட்கார்ந்து வந்தது. தெரியாத எண்ணிலிருந்து கைபேசி அடிக்கும். நெஞ்சு படபடக்கும். எடுத்தால், கடன் அட்டை வேண்டுமா சார் என்று ஒரு பெண் கேட்பார். வேண்டாம் என்று வைத்துவிடுவேன். பதற்றம் இறங்கிப் போய்விடும், பின்னால் உட்கார்ந்து வந்தவன் மட்டும் இறங்கமாட்டான்.

தங்கைக்குக் கோயில் கோயிலாக ஏறியபிறகு பிறந்த பெண்குழந்தை ஒன்று. மூன்று வயது. குலதெய்வக் கோயிலில் அதற்குக் காதுகுத்த நாள் குறித்தார்கள். காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். தங்கைக்கு உடன்பிறந்தவன் நான் ஒருவன்தான். ஆகவே மடி என்னுடையது. ஆனால் மடியோடு கையும் சேர்ந்து வருமே, அந்தக் கை அப்போது அடிக்கடி நடுங்கும்.

தங்கை சுற்றி வளைக்கவில்லை. எங்கள் வீட்டில் கழுத்தைப் பிடித்தாலும் மரியாதையோடுதான் பிடிப்பார்கள். “அண்ணா, மடி உங்களுதுதானுங்க. ஆனா அதுக்கு முன்னால ஒருக்கா, ஒரே ஒருக்கா அந்தக் கருமத்தத் தொட்டீங்கன்னு தெரிஞ்சாலும், பெரியப்பா மகனக் கூப்புட்டு உக்கார வெச்சுப்போடுவேன். அப்பறம் கோவிச்சுக்கக் கூடாது.”

“சரி சாமி” என்றேன். சொன்னவுடன் பதறினேன். பதறியவுடன் ஆசை வந்தது. அதைத் தொடக்கூடாது என்ற பயமே அதைக் கூட்டிக்கொண்டு வருகிறது என்றால் மனிதன் எங்கேதான் போவது? இதைச் சேலத்து மருத்துவரிடம் கேட்டேன். அவர் ஆத்தூர்ப் பக்கத்து அம்மா, என் நகைச்சுவைக்குச் சிரிக்காமல் நான் முடிக்கும்வரை காத்திருப்பவர்.

“நல்ல கேள்வி” என்றார். “பதற்றம் வர்றப்போ உடம்புல சில ஹார்மோன் எழும்பும். எழும்பினதை உட்கார வைக்கவும் உடம்பே சில ஸ்டீராய்டு செய்யுது. ரொம்ப நாள் கோகைன் எடுத்தவங்களுக்கு இந்த எழும்புறதும் உட்கார்றதும் ஒழுங்கில்லாமப் போகலாம்னு நினைக்கிறாங்க. உட்கார வைக்கிறதை வெளியில இருந்து குடுத்தா ஆசை குறையுமான்னு பார்க்கிறாங்க. குறையும்னு நான் சொல்லல. பார்க்கிறாங்க. நீங்களும் சேரலாம்.”

“ஸ்டீராய்டுங்களா, ஹார்மோனுங்களா?”

“ஸ்டீராய்டு ஹார்மோன்.”

இரண்டும் ஒட்டுக்கா! ரயிலில் நான் வாதாடி ஜெயித்த அத்தனை பேரும் வரிசையாக நின்று கைதட்டுவது தெரிந்தது. “ஊசிங்களா?” என்று கேட்டேன். மாத்திரைதான் என்றார். மீசை கொட்டாமல் இருக்குமா என்று கேட்டேன். இருக்கும் என்றார். உடற்பயிற்சிக் கூடத்துப் பையன்கள் தோள் புடைக்கப் போட்டுக்கொள்வது வேறு வகை, இது மூளையைச் சாந்தப்படுத்தும் வகை, எதற்கும் ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருப்போம் என்றார். “பயப்படாதீங்க, உங்க உடம்புலயே இருக்கிறதுதான். கொலஸ்ட்ரால்ல இருந்து உடம்பே செஞ்சுக்குது.”

கொலஸ்ட்ரால்! எதிர்த்து வழக்காடிய இரண்டு பேரும் ஒரே குடும்பம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

இன்னொரு நிபந்தனையும் இருந்தது. சிலருக்கு உண்மையான மருந்து, சிலருக்கு அதேபோல் இருக்கும் மாவு மாத்திரை. எனக்கு எது வருகிறது என்று எனக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாத கடையை நான் முதல்முறையாகப் பார்த்தேன்.

மாத்திரைக்கு முன்னால் ஒரு சோதனை வைத்தார்கள். நான் மிகவும் பயந்த சம்பவத்தை என் வாயால் சொல்ல வேண்டும். அதைப் பதிவு செய்து, இன்னொரு நாள் அமைதியான அறையில் காதில் மாட்டிப் போட்டுக் காட்டுவார்கள். கேட்பதற்கு முன்னும் பின்னும் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். பிறகு நர்ஸ் கேட்பார்: பூஜ்யத்துக்கும் பத்துக்கும் நடுவில், இப்போது ஆசை எவ்வளவு? மருத்துவம் இவ்வளவு குறும்பாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. மனிதனைத் திட்டமிட்டுப் பயமுறுத்திவிட்டுப் பக்கத்தில் நின்று எட்டிப் பார்க்கிறார்கள்.

நான் முட்டை லாரிக் கதையைச் சொன்னேன். ‘அவன் வேற எதுல போவான்’ என்ற இடம் வந்ததும் நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு பதிவை நிறுத்தினார்.

“சார், இதக் கேட்டா யாருக்குப் பயம் வரும்? நீங்க பயந்த கதையச் சொல்லுங்க. எங்களச் சிரிக்க வெக்கிற கதை வேண்டாம்.”

எனக்கு வேறு கதை தெரியாது என்றேன். அவர் பதிவுப் பொத்தானை மறுபடி அழுத்தினார். என்னையறியாமல் சொல்ல ஆரம்பித்தேன். ஊருக்கு வந்த முதல் வாரம், தங்கை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். குழந்தை என்னைப் பார்த்துத் தாவியது. நான் கையை நீட்டினேன். தங்கை என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, கொசு கடித்ததுபோல ஏதோ முணுமுணுத்துக்கொண்டு குழந்தையை அந்த இடுப்பிலிருந்து இந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். அவ்வளவுதான் சம்பவம்.

அதைக் காதில் மாட்டிக் கேட்ட நாளில் நர்ஸிடம் நான் சொன்ன எண் எட்டு. வாசலில் ஒரு பெண் இடுப்பை மாற்றிக்கொண்டதற்கும் பெங்களூர் விருந்துக்கும் என்ன சம்பந்தம்? என் ரத்தத்துக்கு ஏதோ சம்பந்தம் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் சொல்லவில்லை.

மாத்திரை ஆரம்பித்தது. இங்கேதான் என் தொழிலறிவு குறுக்கே வந்து படுத்தது. எங்கள் தீவனக் கணக்கு எளிமையானது. தீவனத்தில் கிளிஞ்சல் தூள் குறைந்தால் முட்டை ஓடு மெலியும், போதிய அளவு போட்டால் தடிக்கும். உள்ளே போவதைக் கூட்டு, வெளியே வருவது கூடும். எனக்கு வந்திருப்பது மாவு மாத்திரையாக இருந்தால்? இருக்கட்டுமே. அந்த ஹார்மோனை உடம்பே கொலஸ்ட்ராலிலிருந்து செய்துகொள்கிறது என்று டாக்டரம்மா வாயாலேயே சொல்லியிருக்கிறார். மூலப்பொருள் தட்டுப்பாடு இல்லாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. வீடோ கோழிப்பண்ணை. பேக்கரிக்காரருக்கென்று கீறல் விழுந்த முட்டைகளை அட்டைத் தட்டுகளில் ஒதுக்கி வைத்திருப்பார்கள். தட்டோடு எடுத்துப்போய்ப் பண்ணைக் கிணற்றடியில் அடுப்பு மூட்டி அவித்துத் தின்றேன். காலையிலும் தின்றேன், மாலையிலும் தின்றேன். வெளியே சொன்னால் மாப்பிள்ளை ஊரைக் கூட்டிச் சிரிப்பார் என்பதால் ஓடுகளை எலுமிச்சை மரத்தடியில் குழி வெட்டிப் புதைத்தேன். கொலைகாரன் மாதிரி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மேலே சருகும் பரப்பினேன்.

வயிற்றில் மட்டும் நல்ல முன்னேற்றம். யாரும் பக்கத்தில் உட்காரமுடியாத முன்னேற்றம்.

ஒருநாள் சாயங்காலம் நான் தோட்டத்திலிருந்து வந்தபோது தங்கையும் மாப்பிள்ளையும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது நாற்காலி எனக்காகக் காத்திருந்தது. தங்கை அழுதிருந்தாள்.

“அண்ணா, எங்க விக்கிறீங்க?”

“என்னத்த?”

“முட்டையத்தானுங்க. தட்டுத் தட்டாக் காணோம். பேக்கரிக்காரரு, ஏனுங்க இப்பெல்லாம் கீறல் முட்டையே உழுகறதில்லீங்களான்னு கேக்கறாரு. அத வித்து எத வாங்கறீங்கன்னு மட்டும் சொல்லிப்போடுங்க.”

“நான் விக்கல. திங்கறேன்.”

மாப்பிள்ளை அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தினார். “மச்சான், அது மனுசன் திங்கற அளவாங்க? சாரைப்பாம்பு குடும்பத்தோட குடியேறுனாக்கூட அத்தன தட்டு காலியாகாதுங்க.”

நான் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய்யைவிட மோசமாக இருந்தது. தங்கை பெரியப்பா மகனுக்குப் போன் செய்யக் கைபேசியைக் கையில் எடுத்துவிட்டாள். பதறினேன். ஆசை வந்தது. வந்தது என்று சொன்னால் போதாது, பழகின வீட்டுக்கு வருகிறவன் மாதிரி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தது. அந்த அமளியிலும் எனக்குள் ஒரு நர்ஸ், இப்போது எவ்வளவு சார் என்று கேட்டார். ஏழு என்றேன். கொஞ்சம் கழித்து மறுபடியும் கேட்டார். ஆறு என்றேன். அட, இறங்குகிறதே! மாத்திரையா? மாவா? அவித்த முட்டையா? மனம் அந்தப் பக்கம் வேடிக்கை பார்க்கப் போனதில் தங்கை கேட்ட அடுத்த கேள்வி என் காதிலேயே விழவில்லை.

“மம்முட்டிய எடுங்க மாப்ள” என்றேன்.

எலுமிச்சை மரத்தடியில் மாப்பிள்ளை இரண்டு வெட்டு வெட்டினார். மண்ணுக்கு அடியிலிருந்து வெள்ளை வெளேரென்று ஓடுகள் வந்தன. இன்னும் வெட்டினார், இன்னும் வந்தன. மம்முட்டியை ஊன்றி நின்று என்னையும் குழியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எதுக்குண்ணா?” என்றாள் தங்கை.

சொன்னேன். ஹார்மோன், கொலஸ்ட்ரால், மாவு மாத்திரை, கிளிஞ்சல் கணக்கு, எல்லாம். கடைசியில், உன் மகளுக்காகத்தான் என்று சொல்ல வந்து, அதைச் சொன்னால் அழுதுவிடுவேன் என்று பயந்து, “காதுகுத்துக்காக” என்று மட்டும் சொன்னேன்.

மாப்பிள்ளைதான் முதலில் வெடித்தார். “ஊருலகமே நாம கோழிக்கு ஹார்மோன் குடுக்கறோம்னு சொல்லுது. கோழிகிட்ட ஹார்மோன் கடன் கேட்டுப் போனது நீங்க ஒருத்தருதானுங்க மச்சான்!” மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தங்கையும் சிரித்தாள், முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் சொன்னாள்: “நம்பறனுங்க. ஆனாலும் பெரியப்பா மகன் வரட்டும். சும்மா பக்கத்துல இருக்கட்டும்.”

லாரிக்கு ஸ்டெப்னி டயர் மாதிரி மடிக்கும் ஒரு ஸ்டெப்னி. அது நியாயம்தான். ஆனால் வலித்தது.

மருத்துவரிடம் போய் முட்டைக் கதையைச் சொன்னபோது அந்த அம்மா முதல்முறையாகச் சிரித்தார். “உங்க உடம்பு தீவன மில் இல்லீங்க. மூலப்பொருளை மேல கொட்டினா கீழ ஹார்மோன் கொட்டாது. உடம்பு தனக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவுதான் செய்யும்.” சிரிப்பை நிறுத்திக்கொண்டு ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். தங்கை கேட்டபோது ஏழு ஆறானது எதனால் என்று கேட்டேன். “தெரியாது” என்றார். “அதைத் தெரிஞ்சுக்கத்தான் இவ்வளவு பாடு.” தெரியாது என்பதை இவ்வளவு சந்தோஷமாகச் சொல்கிறவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

காதுகுத்து நாள் வந்தது. ராசிபுரம் போகும் வழியில் ஒரு கரட்டுக் குன்றின் அடியில் எங்கள் குலதெய்வக் கோயில். மேச்சேரிக் கிடாய் ஒன்று மாலையோடு நின்று தன் மாலையையே மென்றுகொண்டிருந்தது. பம்பைக்காரர்கள் அடி அடியென்று அடித்தார்கள். ஒலிபெருக்கி யாருடைய காரையோ நகர்த்தச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தது. பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பக்கத்திலேயே பட்டு வேட்டியில் பெரியப்பா மகன். நல்ல பையன். என்னைவிட மடி அகலம். தங்கை குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். வைத்துவிட்டு நகரவில்லை. குனிந்தபடியே நின்றாள். பார்வை என் கைமேல்.

காது குத்தும் பத்தர் கம்பியைத் துடைத்தார். உள்ளே செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது.

குழந்தை அண்ணாந்து பார்த்தாள். “மாமா, வலிக்குமா?”

“வலிக்கும் சாமி. எனக்கும் பயமாத்தான் இருக்குது.”

“உனக்கா குத்தறாங்க? நீ எதுக்குப் பயப்படற?”

சேலத்து மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி. அந்தக் கேள்வியை நான் புரட்டிக்கொண்டிருக்கும்போதே பத்தர், “மாமன் கொழந்த தலையக் கெட்டியாப் புடிங்க” என்றார். பிடித்தேன். கம்பி இறங்கியது. குழந்தை அலறிய அலறலில் கிடாயே மெல்வதை நிறுத்திவிட்டது. உதைத்தாள், திமிறினாள், என் மணிக்கட்டைக் கடித்தாள். பல் பதிந்தது. ஒரு கையால் நெற்றியையும் ஒரு கையால் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்திருந்தேன். எண் எவ்வளவு என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பேன். உள்ளே போய்ப் பார்க்க எனக்குக் கை ஒழியவில்லை.

முதல் காதில் தோடு ஏறியது. பத்தர் மூச்சு வாங்கினார். பெரியப்பா மகன், எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு கையையும் நீட்டினான். என் கையைப் பார்த்தேன். பல் தடம் சிவந்திருந்தது. லேசாக நடுங்கவும் செய்தது. மாவு தின்றவன் கையா, மருந்து தின்றவன் கையா என்று அதைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. குழந்தை அந்தக் கைக்குள்ளேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு விசும்பினாள்.

தங்கையும் அந்த நடுக்கத்தைப் பார்த்தாள். பார்த்தது எனக்குத் தெரியும்.

“தம்பி,” என்றாள் பெரியப்பா மகனிடம், “நீ போயி பந்தியில எலை போடறாங்களான்னு பாரு.”

அவன் எழுந்து போனான். அவள் நிமிர்ந்து, “இன்னொரு காது இருக்குதுங்கண்ணா, புடிச்சுக்குங்க. நான் போயி சக்கரை எடுத்துட்டு வாரேன்” என்று சொல்லிவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்தாள்.